வாலு தொலைத்த செருப்புகள்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னவள் எழுதுவது. இங்கே நானும் உங்கள் கொழுந்தனும் உங்கள் மகளும் சௌக்கியம். என் வாயும் சௌக்கியமாக இருக்கிறது, நீங்கள் கேட்க மறந்தாலும் நானே சொல்லிவிடுகிறேன். அங்கே நீங்கள் சுத்தம் செய்கிற ஓட்டல் அறைகளில் எவனும் ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டுவிட்டுப் போகாமல் இருக்க வேண்டும். போட்டாலும் மூத்தவர்தானே அதே ஓட்டலில் துணி துவைக்கிறார், அந்தத் துண்டு நம் குடும்பத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கட்டும்.

ஞாயிறுதோறும் போனில்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் பேசும்போது வாலு என் தோளில் தொங்கிக்கொண்டு காதை நீட்டுகிறாள். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளைப் பற்றியே எப்படிக் கோள் மூட்டுவது? அதற்குத்தான் இந்தக் காகிதம்.

புகார் இதுதான். உங்கள் மகள் மறுபடியும் செருப்பைத் தொலைத்துவிட்டாள். இது மூன்றாவது தடவை. ஒவ்வொரு தடவையும் ஒன்றைத் தொலைத்துவிட்டு மற்றதைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவருகிறாள். பள்ளிக்கூடம் விட்டு ஒரு காலில் செருப்பும் இன்னொரு காலில் புழுதியுமாக வந்து நிற்கிறாள். "எங்கடி ஒண்ணு?" என்று கேட்டால், குனிந்து பார்த்துவிட்டு, அப்போதுதான் தெரிந்த மாதிரி திகைக்கிறாள்.

"சத்தியமா தெரியல சித்தி. எப்ப கழண்டுச்சுன்னே தெரியல."

"கால்ல இருக்கறது கழண்டா கூடவா தெரியாது? கழுத்துமேல தலை இருக்கறதாவது தெரியுதா?"

அவள் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இருக்கு சித்தி" என்றாள். ஒன்பது வயதுக்கு இந்த வாய். யாரிடம் கற்றாள் என்று கேட்காதீர்கள்.

ஊருக்கெல்லாம் செருப்பு ஒட்டுகிற வீட்டுப் பெண் வெறுங்காலோடு நடக்கிறாள் என்று தெருவே கேலி செய்கிறது. எதிர்வீட்டு அத்தை, "பேசாம நம்ம பசையையே உள்ளங்கால்ல தடவி ஒட்டிவிட்டுடு, ஜென்மத்துக்கும் கழலாது" என்றாள். எங்களோடு ஒட்ட வருகிற பாட்டுக்காரி அதற்கு உடனே ஒரு மெட்டுப் போட்டாள். நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் ஒரு ஜோடி சோல் இடம் மாறி ஒட்டிவிட்டது.

வேலை நன்றாக நடக்கிறது. முன் அறை முழுக்க மூட்டைதான். நீங்கள் போனபோது நான் தனியாகத்தான் ஒட்டிக்கொண்டிருந்தேன், இப்போது மூன்று பேர். ஜன்னலைச் சாத்தி, கதவுக்கு அடியில் பழைய துணியைச் செருகிவிட்டுத்தான் பசை டப்பாவைத் திறப்போம். ஒரு பொட்டுத் தூசி ஒட்டினாலும் ஃபேக்டரி ஏஜெண்டு மூட்டையோடு திருப்பிவிடுகிறார். உள்ளே கொஞ்சம் புழுக்கம்தான், தலைவலியும் வரும். ஆனால் சாயங்காலம் ஆனால் எங்களுக்கு எங்கிருந்தோ ஒரு குஷி வந்துவிடுகிறது அக்கா. அத்தை "கத்தரிக்கோல் எங்க?" என்று கேட்டாலே போதும், விழுந்து விழுந்து சிரிக்கிறோம். உங்கள் கொழுந்தன் வேனை நிறுத்திவிட்டு வந்து, "உள்ள ஏதாவது ஊத்திக் குடிக்கிறீங்களா?" என்று கேட்கிறார். வாலு மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியபடி எங்களோடு சேர்ந்து சிரிக்கிறாள். எழுதி முடித்ததும் இடது வலது பார்த்து ஜோடி சேர்த்துத் தருவாள், அதில் மட்டும் கெட்டிக்காரி.

அடுத்த ஜோடி செருப்பை வார் வைத்ததாக வாங்கியிருக்கிறேன். அதையும் தொலைத்தால் உங்களுக்கே பார்சலில் அனுப்பிவிடுவேன், செருப்பை அல்ல, பெண்ணை.

உங்கள் அன்புள்ள,
சின்னவள்


பிப்ரவரி 3

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. நாங்கள் இருவரும் நலம். ஈரத் துண்டு விஷயத்தில் உன் வேண்டுதல் பலிக்கவில்லை.

உனக்கு ஒரு கதை சொல்ல வேண்டும், சிரிக்காமல் கேள். போன வாரம் ஐந்தாம் மாடியில் தள்ளுவண்டியோடு நடந்துகொண்டிருந்தேன். திடீரென்று நம் வீட்டு வாசனை. சத்தியமாக நம் முன் அறையின் அதே வாசனை. கால் நின்றுவிட்டது. நடைபாதைக்குப் புதுக் கம்பளம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள், அந்தப் பசையின் வாசனை. மூடியிருந்த பிளாஸ்டிக் திரைக்குப் பக்கத்தில் போய் நின்று, மூச்சை இழுத்து இழுத்து மோந்தேன். ஒன்றரை வருஷமாகப் பார்க்காத வீடு மூக்குக்குள் வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வேறு. பைத்தியம்தான் நான்.

எங்கள் சூப்பர்வைசர் அம்மாள் வந்து கையைப் பிடித்து இழுத்தாளே பார்க்கலாம். குண்டூசி தொலைந்தாலே கூப்பாடு போடுகிறவள், அன்றைக்கு அவள் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, பயம். திரைக்குள்ளே வேலை செய்தவர்கள் எல்லோரும் மூக்கை அடைத்து முகமூடி போட்டிருந்தார்கள். ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு குழாய் உள்ளிருக்கிற காற்றை இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அவர்களில் வயதான ஒருவரிடம் கேட்டேன். எனக்குத் தெரிந்த அரைகுறை பாஷையில் கேட்க, அவர் கையும் காலுமாகச் சொன்னார். அவர் வாலிபத்தில் மூடிய அறையில் முகமூடி இல்லாமல் இதே பசையில் வேலை செய்தாராம். சாயங்காலம் ஆனால் தலை லேசாகிச் சும்மாவே சிரிப்பு வருமாம், வேலை பிடித்திருக்கிறது என்று நினைத்தார்களாம். பிறகு காலில் நரம்பு செத்துப்போயிருக்கிறது. முதலில் தெரிந்தது என்ன என்று கேட்டேன். நடக்கும்போது செருப்பு கழன்று விழுவது தெரியாது என்றார்.

அன்றைக்கு அதை அந்த மனிதரின் கஷ்டம் என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். முந்தாநாள் உன் கடிதத்தைப் பிரித்துச் சிரித்துக்கொண்டே படிக்க ஆரம்பித்தேன். செருப்பு வந்த இடத்தில் நின்றுவிட்டேன். அதற்குமேல் உன் மூத்தவர்தான் படித்தார்.

வாலுவை அந்த அறையிலிருந்து உடனே வெளியேற்று. டாக்டரிடம் காட்டு. ஜன்னலைத் திற, தூசி ஒட்டினால் ஒட்டட்டும். ஏஜெண்டுக்கு என்ன, அவன் வீட்டுக் குழந்தையா மூலையில் உட்கார்ந்திருக்கிறது? உன்னைக் குறை சொல்லி எழுதவில்லை. ஆனால் பெற்றவளுக்குத்தானே வயிறு கலங்கும். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

உடனே பதில் போடு.

அன்புடன்,
பெரியவள்


பிப்ரவரி 19

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. பெற்றவளுக்குத்தானே வயிறு கலங்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் வயிறு என்று ஒன்று இருக்கிறது அக்கா, பிள்ளை தங்காவிட்டாலும் கலங்க அதற்குத் தெரியும். உங்கள் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் அது ஒழுங்காகக் கலங்கியிருக்கிறது.

அங்கே எவரோ ஒரு கம்பளக்காரர் கையும் காலும் ஆட்டிச் சொன்னாராம், இங்கே என் வீடு விஷக்கூடம் ஆகிவிட்டதாம். நான் ஐந்து வருஷமாக இந்தப் பசையில்தான் கைவைத்திருக்கிறேன். எனக்கு என்ன ஆகிவிட்டது? தலைவலி வரும், போகும். தலைவலி இல்லாத பெண் எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று சொல்லுங்கள், அந்தத் தெருவுக்கே குடிபோகிறேன். ஜன்னலைத் திற என்று எழுதுவது சுலபம். திறந்தால் மூட்டை திரும்பிவரும். வேன் பழுதாகி நிற்கிற மாதங்களில் இந்த வீட்டில் அடுப்பு எரிவது இந்த டப்பாவால்தான்.

அவள் செருப்பைத் தொலைக்கிறாள் என்று ஒரு வேடிக்கைக்கு எழுதினேன். அதை வைத்து என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவீர்கள் என்று தெரிந்திருந்தால், பள்ளிக்கூடத்தில் முதல் மதிப்பெண் வாங்கினாள் என்று ஒரு பொய்யை எழுதியிருப்பேன்.

இப்படிக்கு,
சின்னவள்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி மடித்து வைத்துவிட்டேன். கோபம் கோபமாகவே இருக்கட்டும், கிழிக்கப் போவதில்லை. ஆனால் இதையும் சொல்லியாக வேண்டும். வாலு குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். உள்ளங்காலில் யாராவது விரல் வைத்தால் வீடே அதிரக் கத்துகிறவள் அவள், உங்களுக்குத் தெரியும். நான் துடைப்பக் குச்சி ஒன்றை எடுத்துப் பாதத்தில் மெதுவாகக் கீறினேன். திரும்பவில்லை. கொஞ்சம் அழுத்திக் கீறினேன். வண்ணப் பென்சிலை மாற்றிக்கொண்டு வரைந்துகொண்டே இருந்தாள். நாளைக் காலையில் டாக்டரிடம் போகிறோம்.


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். முதலில் நல்லது: வாலு இப்போது அந்த அறையில் இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் தையல்கடையில் இறங்கிக்கொள்கிறாள். தையல்காரர் அவளுக்குப் பட்டன் பிரிக்கிற வேலை கொடுத்திருக்கிறார். அவரிடம் இரண்டு நாளில் முந்நூறு கேள்வி கேட்டிருக்கிறாள், மனிதர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தைக்கிறார்.

டாக்டரிடம் போன கதையைக் கேளுங்கள். நானும் வாலுவும் கிளம்பினோம். வாசலில் அத்தை, "நானும் வரேன், கொஞ்ச நாளா டம்ளர் கையில நிக்கமாட்டேங்குது" என்றாள். பாட்டுக்காரி, "நீங்க ரெண்டு பேரும் போயிட்டா நான் மட்டும் உக்காந்து யார்கூட சிரிக்கறது?" என்று பூட்டை எடுத்தாள். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி நான்கு பேரும் வரிசையாகப் போய் இறங்கினோம். டாக்டர் சின்னப் பெண். "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டாள். நாங்கள் மூன்று பேரும் வாலுவைக் காட்டினோம், வாலு எங்கள் மூன்று பேரையும் காட்டினாள்.

இரண்டு பல் உள்ள கம்பி ஒன்று வைத்திருந்தாள், தட்டினால் அதிர்கிறது. அதை வாலுவின் கால் கட்டைவிரலில் வைத்து, "அதிர்வு தெரியுதா?" என்று கேட்டாள். தெரியவில்லை. கணுக்காலில் வைத்தாள். தெரியவில்லை. முழங்காலில் வைத்ததும்தான் வாலு, "ஐ, கூசுது" என்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை அக்கா, அன்றைக்கு வரவே இல்லை.

பிறகு எங்களையும் உட்காரவைத்து அதே கம்பியை வைத்தாள். அத்தைக்குக் கையும் காலும் தெரியவில்லை. எனக்கும் கட்டைவிரலில் தெரியவில்லை. ஐந்து வருஷத்தில் எனக்கு என்ன ஆகிவிட்டது என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேனே, இதுதான் ஆகியிருக்கிறது. மாதா மாதம் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டாள். மூவருமே ஒருவரை ஒருவர் பார்த்தோம். மூவருக்குமே தாறுமாறுதான், ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னதில்லை. பிள்ளை வேண்டும் என்றால் இந்தப் பசைக்குப் பக்கத்திலேயே போகாதீர்கள் என்று என்னிடம் தனியாகச் சொன்னாள். அதைப் பற்றி இப்போது எழுத முடியவில்லை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

பசையை நிறுத்தினால் நரம்பு தானாகத் தேறும், ஆனால் மெதுவாகத்தான் என்றாள். பெரியவர்களைவிடக் குழந்தைக்குத்தான் சீக்கிரம் ஏறுமாம். மூலையில் தரையில் உட்கார்ந்திருந்தாள் இல்லையா, அந்தக் காற்று கனமாகக் கீழேதான் தங்குமாம்.

வந்ததும் ஜன்னல் இரண்டையும் திறந்தோம். மூன்றாம் நாள் ஏஜெண்டு மூட்டையைக் கொண்டுவந்து நடு அறையில் கொட்டினார். "இத்தனை மண்ணு ஒட்டின செருப்ப எவன் வாங்குவான்?" என்று கத்தினார். பாட்டுக்காரி விடவில்லை. "அப்ப ஃபேக்டரியிலயே ஒட்டிக்க வேண்டியதுதானே?" என்றாள். கோபத்தில் அவர் வாயிலிருந்து உண்மை வந்துவிட்டது. "அங்க காத்தை இழுக்கற மிஷின் போடணும்னு சட்டம். அது கட்டுப்படியாகாமத்தான் உங்க வீட்டுக்கு அனுப்பறாங்க" என்றார். சொன்ன பிறகு அவருக்கே தர்மசங்கடமாகிவிட்டது. கொட்டிய செருப்புகளை அவரே பொறுக்கி மூட்டையில் போட்டார்.

இப்போதைக்கு ஒட்டும்போது மட்டும் சாத்துகிறோம், முடிந்ததும் திறந்துவிடுகிறோம். வாலு சாயங்காலம் ஏழு மணிக்குமேல்தான் வீட்டுக்கே வருகிறாள். கவலைப்படாதீர்கள், சாப்பிடுங்கள்.

உங்கள்,
சின்னவள்


ஏப்ரல் 6

சின்னவளுக்கு,

உன் பிப்ரவரிக் கடிதத்தைப் படித்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். போன ஞாயிறு நீ கடைக்குப் போயிருந்தபோது வாலு தனியாகப் போனில் பேசினாள். பள்ளிக்கூடத்தில் மாடிப்படி ஏற முடியவில்லை என்றாள். பாதம் தொங்குகிறது, கூடப் படிக்கிறவள் தூக்கிவிடுகிறாள் என்றாள். "இது சித்திக்குத் தெரியுமாடி?" என்று கேட்டேன். "தெரியும், உங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க" என்றாள்.

நிறுத்தினால் தேறும் என்று எழுதினாய். நிறுத்திய பிறகு எப்படிக் கூடும்? இன்னும் அந்த அறையில் உட்கார்த்தி வைத்திருக்கிறாய், என்னிடம் தையல்கடைக் கதை சொல்கிறாய், வேறு என்ன நினைப்பது? நான் அங்கே இல்லை. வந்து பார்க்க எனக்கு விடுமுறை இல்லை. நீ எழுதுவதை நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழியும் இல்லாமல் இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது.

என் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூடம் மூடியதும், மே முதல் ஞாயிறு, அவர் வந்து அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போவார். இனி அங்கேயே படிக்கட்டும். அவளுடைய துணிமணிகளையும் பள்ளிக்கூடத்துச் சான்றிதழையும் எடுத்து வை.

பெரியவள்


ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை உங்கள் கொழுந்தனிடம்கூடக் காட்டவில்லை. அவருக்குப் படிக்கக் கொடுத்தால் என் பக்கம் பேசுவார், அது எனக்கு வேண்டாம்.

நடந்ததைச் சொல்கிறேன். டாக்டர் அன்றைக்கே ஒன்று சொன்னாள். பசையை நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று மாதம் இது கூடிக்கொண்டுதான் போகும், பிறகு நிற்கும், அதன்பிறகுதான் இறங்கத் தொடங்கும் என்றாள். அதை நான் எழுதவில்லை. நல்லதையெல்லாம் எழுதி, வேடிக்கையையெல்லாம் எழுதி, இதை மட்டும் விட்டுவிட்டேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள், மூன்று மாதம் இறங்காமல் போனால் என்ன செய்வீர்கள் என்று நினைத்தேன். சொல்லியிருக்க வேண்டும். அவள் அந்த அறையில் ஒரு நாளும் உட்காரவில்லை, தையல்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

ஆனாலும் நீங்கள் அழைத்துக்கொள்வதுதான் சரி. ஒட்டி முடித்து ஜன்னலைத் திறந்தாலும் இந்த வீட்டை விட்டு வாசனை போக மாட்டேன் என்கிறது. எங்களுக்கு இருப்பது அந்த அறையும் சமையலறையும்தான். அவளைச் சமையலறையில் படுக்க வைத்து நானும் கூடப் படுக்கிறேன். உங்கள் கொழுந்தன் வாசலில் வேனுக்குள் தூங்குகிறார், காலையில் ஸ்டியரிங் அச்சு கன்னத்தில் பதிந்திருக்கிறது. எத்தனை நாள் இப்படி ஓட்டுவது?

வேலையை விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நான் விட்டால் அத்தையின் வீட்டுத் திண்டாட்டத்தை யார் பார்ப்பது? அவள் வீட்டுக்கு மூட்டையை மாற்றிவிடுவார்கள், அங்கே கைக்குழந்தை இருக்கிறது. மொட்டை மாடியில் வலை அடித்த கொட்டகை ஒன்று போட்டால் காற்று வரும், தூசி வராது, வீடும் வீடாக இருக்கும் என்று உங்கள் கொழுந்தன் சொன்னார். வீட்டுக்காரரும் சுவரில் ஓட்டை போடாமல் என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்றுவிட்டார். ஏஜெண்டைக்கூட ஒத்துக்கொள்ள வைத்துவிட்டோம், மூன்று பேரும் ஒரே நாளில் டப்பாவை மூடி வைத்துவிட்டு அவர் எதிரில் ஊர்க்கதை பேசினோம், இரண்டாம் நாளே வழிக்கு வந்தார். ஆனால் கட்டித்தர ஆள் இல்லை. பார்த்த தச்சர்கள் எல்லாம் கையில் வேலை இருக்கிறது, ஆடி மாதம் பார்க்கலாம் என்கிறார்கள். அதுவரை உங்கள் மகளை நான் எங்கே ஒளித்துவைப்பது?

அவளை அனுப்புகிறேன். உங்கள் அண்ணன் வீட்டில் சொல்லி வையுங்கள்: எண்ணெய் வைத்துத் தலை சீவும்போது கதை சொன்னால்தான் அசையாமல் உட்காருவாள். கதையில் யாராவது செத்தால் அன்றைக்குச் சாப்பிட மாட்டாள், ஆகையால் எல்லோரையும் உயிரோடு வைத்து முடிக்க வேண்டும். பொய் சொன்னால் இடது காதைத் தொடுவாள். பாதத்துக்கு ஒரு பட்டை கொடுத்திருக்கிறார்கள், அதைக் கட்டும்போது இறுக்கம் அவளுக்குத் தெரியாது, நாம்தான் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். இதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள் அக்கா.

பிள்ளை இல்லாதவளுக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். நான் ஒழுங்காகத் திருப்பித் தரவில்லை என்பது நெஞ்சை அறுக்கிறது.

சின்னவள்


மே 5

என் அக்காவுக்கு,

உங்கள் அண்ணன் நேற்றுக் காலை வந்தார். அதை நடந்தபடியே எழுதுகிறேன், ஏனென்றால் இப்போது எதையும் விட்டுவிட்டு எழுதக்கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டிருக்கிறேன்.

முந்தின நாளே பெட்டியைக் கட்டிவிட்டேன். மூடவே இல்லை. நான் எடுத்து வைக்க வைக்க வாலு ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவளையே பெட்டிமேல் உட்காரவைத்துப் பூட்டினேன். காலையில் எழுந்ததும் அதே பெட்டிமேல் போய் உட்கார்ந்துகொண்டாள். நான்தான் தலை சீவிவிட்டேன். கதை சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன். "மீதிய நான் சொல்லட்டுமா சித்தி?" என்று கேட்டு அவளே முடித்தாள். யாரும் சாகவில்லை.

உங்கள் அண்ணன் வாசலில் நின்றார். தோளில் ஒரு சாக்குப்பை, கையில் நீளமாகத் துணி சுற்றிய ஏதோ ஒன்று. "வாங்க" என்றேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். பெட்டியைப் பார்த்தார், அதன்மேல் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார்.

"எங்கயாவது ஊருக்குப் போறீங்களா?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாலுதான் பேசினாள். "நான் உங்களோட வரணும்னு அம்மா சொன்னாங்களே மாமா?"

"அது போன மாசம். அப்புறம் உங்க சித்தியோட கடுதாசி அவளுக்குப் போய்ச் சேந்துச்சு. உங்கம்மா உன்னை இவங்ககிட்டதான விட்டுட்டுப் போனா? அப்புறம் நான் எதுக்கு நடுவுல?" என்று சொல்லிவிட்டுச் சாக்குப்பையைக் கீழே வைத்தார். உள்ளே இரும்பு மோதுகிற சத்தம் கேட்டது. துணியைப் பிரித்தார், ரம்பம். உங்கள் அண்ணனுக்கு வெளியூரில் வேலை என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறீர்கள், தச்சு வேலை என்று இத்தனை வருஷத்தில் சொல்லவே இல்லையே அக்கா. வலைச்சுருளும் சட்டங்களும் மாலை லாரியில் வருகின்றன என்றார். பிறகு என்னைப் பார்த்து, "மாடிக்குப் படி எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

நான் சமையலறைக்குள் போய் அழுதேன். அத்தை வந்து, "போறதுக்கு அழுதா சரி, போகாததுக்கு ஏண்டி அழற?" என்று கேட்டாள். அவள் கண்ணும் ஈரம்தான், வெங்காயம் என்றாள். அடுப்பில் வெங்காயமே இல்லை.

இன்றைக்கு டாக்டரிடமும் போய் வந்தோம். எதையும் மறைக்காமல் சொல்கிறேன். பாதம் இன்னும் தொங்குகிறது. இன்னும் படி ஏறப் பிடிமானம் வேண்டும். ஆனால் கூடுவது நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தாள், தேறிவர ஒரு வருஷமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். எங்கள் மூவரையும் அடுத்த மாதமும் வரச் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் என்ன சொல்கிறாளோ அதை அப்படியே உங்களுக்கு எழுதுவேன், உங்களுக்குச் சோறு இறங்கினாலும் சரி, இறங்காவிட்டாலும் சரி. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாடியில் ஆணி அடிக்கிற சத்தத்தில் கை ஆடுகிறது, எழுத்து கோணலாக இருந்தால் உங்கள் அண்ணனைத் திட்டுங்கள். வாலு படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே போய் அவரிடம் இதுவரை நூறு கேள்வியாவது கேட்டிருப்பாள். பெட்டி இன்னும் கட்டியபடியே இருக்கிறது. அவருக்குச் சாப்பாடு போட்டுவிட்டு வந்து பிரிக்க வேண்டும்.

நம் பெண்ணின்,
சித்தி